ராயபுரத்திலிருந்து தூத்துக்குடித் தீவுகள் வரை பாய்மரப் படகில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்தது ராயபுரம். மற்றவர்களுடைய பாய்மரப் படகுகளை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், அந்த வேலை இல்லாத நாட்களில் இஞ்சினையும் பாயையும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. கல்மண்டபம் டீக்கடையில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் இந்தப் பாய்மரப் பயணத்தைப் பற்றிக் கேட்காமல் இருப்பதில்லை. ஒரே பதிலைப் பத்து முறை சொல்லி அலுத்துப் போனதால் எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணா, யாட்டுன்னா பணக்காரங்க பார்ட்டி வெக்கிற வெள்ளக் கப்பல்தானே?

அது வேறு ஜாதி. நான் பேசுவது முப்பது முதல் நாற்பது அடி நீளப் பாய்மரப் படகு. உள்ளே நாலு பேர் படுக்கலாம், ஓர் அடுப்பு, குனிந்து போகிற ஒரு கழிப்பறை, ஆட்டோ சத்தத்தில் ஓடும் சின்ன டீசல் இஞ்சின். அவ்வளவுதான். ஏசி இருக்காது, நடனமும் கிடையாது.

நம் ஊர்க் கட்டுமரத்துக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் கீல். படகின் அடியில் ஈயத்தாலோ இரும்பாலோ ஆன கனமான துடுப்பு போலத் தொங்கும். காற்று சாய்த்தாலும் படகை நிமிர்த்துவது அதுதான். ஆனால் அது தண்ணீருக்குள் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இறங்கியிருப்பதால், கட்டுமரத்தை மணலில் ஏற்றுகிற மாதிரி இதைக் கரையேற்ற முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்கள் இதில்தான் போய் முட்டும்.

எங்க கத்துக்கிறது? நம்மள மாதிரி ஆளுங்கள உள்ள வுடுவாங்களா?

சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே இரண்டு இடங்கள் உண்டு. 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் ஒன்று, தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷன் இன்னொன்று. துறைமுகம் பாதுகாப்புப் பகுதி என்பதால் நேராக கேட்டில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். முன்கூட்டியே பேசி, பயிற்சியில் பேர் கொடுத்து, நுழைவு அனுமதியோடு போக வேண்டும்.

முதலில் பெரிய படகில் ஏறாதீர்கள். ஆப்டிமிஸ்ட், லேசர் மாதிரி ஒற்றை ஆள் படகில் நாலு தடவை கவிழ்ந்து உப்புத்தண்ணீர் குடித்தால்தான் காற்று எங்கிருந்து வருகிறது என்று கழுத்துக்குத் தெரியும். ஒலிம்பிக் வரை போன நம் சென்னைப் பெண் நேத்ரா குமணனும் ஒற்றை ஆள் படகுக்காரர்தான். துட்டு இல்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. படகு வைத்திருப்பவர்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. கயிறு சுருட்ட, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டக் கூப்பிட்டால் போங்கள். நான் உள்ளே போனது பேட்டரி தூக்கிக்கொண்டு.

காசிமேட்லேர்ந்து தூத்துக்குடி எவ்ளோ தூரம்? எத்தினி நாள் ஆவும்?

கடல் மைலில் சொல்கிறேன். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். சென்னையிலிருந்து புதுச்சேரி சுமார் 75, அங்கிருந்து காரைக்கால் 65, காரைக்காலிலிருந்து கோடியக்கரை முப்பத்துச் சொச்சம், கோடியக்கரையிலிருந்து பாம்பன் 70-க்கு மேல், பாம்பனிலிருந்து தூத்துக்குடி 65-க்கு மேல். மொத்தம் 310 சொச்சம்.

இந்த அளவுப் படகு நல்ல காற்றில் மணிக்கு ஐந்து கடல் மைல் போகும். கணக்குப் போட்டால் இரண்டரை நாள் வரும். அந்தக் கணக்கை நம்பி லீவு போட்டவர்கள் எல்லாம் நாகப்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். பாம்பனில் மட்டுமே இரண்டு நாள் காத்திருக்க நேரலாம்.

ராத்திரி ஆனா கரையோரமா ஒதுங்கி நங்கூரம் போட்டுட்டுத் தூங்கலாம்ல?

அதிகம் கேட்கப்படுவதும், அதிக ஆபத்தானதும் இந்தக் கேள்விதான். கூடாது. சென்னையிலிருந்து கோடியக்கரை வரை நம் கரை நேர்கோடு போட்டதுபோல் இருக்கிறது. விரிகுடா இல்லை, மறைவுக்கு ஒரு தீவு இல்லை, கடலுக்குள் நீண்ட மலைமுனை இல்லை. வங்காள விரிகுடா முழுவதும் உருண்டு வரும் அலை நேராகக் கரையில் வந்து உடைகிறது. சாயங்காலம் குளம்போல் இருந்த இடத்தில் நள்ளிரவில் கிழக்கிலிருந்து கொண்டல் காற்று எழுந்தால், உங்களுக்கும் மணலுக்கும் நடுவே ஒரு நங்கூரக் கயிறுதான் மிச்சம்.

அந்தக் காலத்தில் மெட்ராஸுக்கு வந்த கப்பல்கள் எல்லாம் வெளியே நின்று, மசூலா படகிலும் கட்டுமரத்திலும்தான் ஆளையும் சரக்கையும் இறக்கின. துறைமுகம் கட்டத் தொடங்கியதே 1870-களில். கட்டிய அலைதாங்கிகளையும் 1881 புயல் உடைத்துப் போட்டது. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில், வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் இழுபட்டுத் தென்சென்னைக் கரையில் தரைதட்டியது பலருக்கு நினைவிருக்கும். உயிர்காக்கும் படகில் இறங்கிய மாலுமிகள் சிலர் உயிரிழந்தார்கள். அந்தப் பெரிய இரும்பையே பிடிக்காத மணல் உங்கள் சின்ன நங்கூரத்தையா பிடிக்கும்?

வடசென்னையில் இன்னும் மோசம். துறைமுகச் சுவர் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட்டது. அந்தப் பக்கம் மெரினா அகலமானது, இந்தப் பக்கம் ராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். தரை தட்டினால் மணலில் அல்ல, கல்லில் தட்டுவீர்கள்.

அப்ப கரைய வுட்டு எவ்ளோ தள்ளிப் போறது? தள்ளிப் போனா பயமா இருக்காதா?

பயம் கரையைப் பார்த்துத்தான் வர வேண்டும். ஆழமான தண்ணீரில் அலை உருண்டு போகும், உடையாது. நான் இரவில் ஐந்து முதல் எட்டு கடல் மைல் தள்ளித்தான் போவேன். மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் மினுக்குவது தெரியும், கடற்கரைக் கோயில் தெரியாது. அதுதான் சரியான தூரம். கல்பாக்கம் அணுமின் நிலையம் எதிரே எப்படியும் தள்ளித்தான் போக வேண்டும், அது பாதுகாப்புப் பகுதி.

ரொம்பத் தள்ளிப் போனாலும் சிக்கல், பெரிய கப்பல்கள். சென்னை, எண்ணூர் காமராஜர், காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் எப்போதும் கப்பல்கள் நிற்கும், திரும்பும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. நம் பிள்ளைகள் வாளியில் அள்ளினார்களே, அந்த இடம்தான். துறைமுகத்திலிருந்து வெளியேறும்போதும் நுழையும்போதும் வி.எச்.எஃப் ரேடியோவில் கட்டுப்பாட்டு அறையிடம் கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். கப்பல்காரர் கண்ணுக்கு நீங்கள் தெரிவீர்கள் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

எந்த மாசம் கெளம்பலாம்?

பொங்கலுக்கு மேல், மாசி முடிவதற்குள். அப்போது வாடைக்காற்று தணிந்து, முதுகுக்குப் பின்னால் அளவாக வீசும். ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே ஓடிய நீரோட்டம் பிப்ரவரிக்கு மேல் வடக்கே திரும்பிவிடும். அதனால் தை மாதப் பாதியில் கிளம்புகிறவனுக்குக் காற்றும் சாதகம், நீரும் அவ்வளவாக எதிர்க்காது. திரும்பி வருவது பங்குனி, சித்திரையில். தென்காற்று பிடித்திருக்கும், நீரோட்டமும் வடக்கே தள்ளும். அந்த நாட்களில் நண்பகலுக்கு மேல் கடற்காற்று பலமாக வரும். விடியற்காலையில் கரையிலிருந்து மெல்லிய காற்று.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இரவில் குறுக்கே வருகிற படகுகள் குறையும் என்பது யாட்காரனுக்கு லாபம். ஆனால் சித்திரை தாண்டி மே மாதத்தில் புயல் சின்னம் உருவாகலாம், அதனால் ரொம்ப இழுக்காதீர்கள்.

வர்தா மாதிரி வந்தா கடல்ல மாட்டிக்க மாட்டமா?

வர்தா கரை கடந்தது 2016 டிசம்பர் 12. அந்த மாதத்தில் கடலில் இருந்ததே முதல் தப்பு என்பேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை படகைத் தரையில் ஏற்றிக் கட்டிவிடுங்கள். புயல் நெருங்கும்போது துறைமுகமே பெரிய கப்பல்களை வெளியே ஆழ்கடலுக்கு அனுப்பிவிடும். அவற்றுக்கு அது சரி. மணிக்கு ஐந்து மைல் போகிற நமக்கு ஓடித் தப்ப வேகம் கிடையாது.

மற்ற மாதங்களில் புயல் திடீரென்று வருவதில்லை. வானிலைத் துறை சில நாள் முன்பே சொல்லும், ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அலை உயரத்தையும் சேர்த்துச் சொல்கிறது. துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏறிவிட்டாலே நான் பாயைக் கழற்றிவிடுவேன். டீக்கடையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

முதல்ல பக்கத்துல பழவேற்காடு வரைக்கும் போய்ப் பாக்கலாமா?

நல்ல யோசனை, ஆனால் ஏரிக்குள் போக முடியாது. சென்னைத் துறைமுகத்திலிருந்து இருபது கடல் மைலுக்குச் சற்றுக் கூடுதல். காலையில் போய் மாலையில் திரும்பப் பார்க்கலாம். நகர வெளிச்சம் குறையும், அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளமாகக் கிடக்கும். உள்ளே பார்த்தால் அழகான, அலையில்லாத தண்ணீர். ஆனால் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, அலை அதன்மேல் உடைந்துகொண்டே இருக்கும். ஏரியின் சராசரி ஆழமே ஒரு மீட்டர் அளவுதான். நம் கீல் அதைவிட ஆழம். கடலுக்குள்ளும் மணல்திட்டுகள் உண்டு, வரைபடம் பார்க்காமல் கரையை ஒட்டாதீர்கள்.

இன்னொன்று, ராக்கெட் ஏவும் நாட்களில் அந்தக் கடல் பகுதியை மூடிவிடுவார்கள். முன்னறிவிப்பு வரும். பழவேற்காட்டு மீனவர்களுக்குத் தேதி மனப்பாடம், கேட்டால் சொல்வார்கள். கோட்டையும் டச்சுக்காரர் கல்லறையும் பார்க்க ஆசையா? பொன்னேரி வழியாக பஸ்ஸில் போங்கள்.

வாந்தி வருமா?

வரும். முதல் நாள் கீழே அறைக்குள் இறங்காமல், தூரத்துக் கரையைப் பார்த்துக்கொண்டு மேலேயே உட்காருங்கள். மாத்திரை என்றால் வாந்தி வருவதற்கு முன்பே, மருத்துவரைக் கேட்டு. வெறும் வயிறு கூடாது, மசால் தோசையும் கூடாது. சுக்கான் பிடித்தவனுக்கு வாந்தி குறைவு என்பது என் அனுபவம், அதனால் புதுப்பையன்களிடம் அதைத்தான் கொடுப்பேன்.

எம் பொண்ணு வரணும்னு நிக்கிறா. அனுப்பலாமாப்பா?

நீச்சலும் ஒற்றை ஆள் படகும் தெரிந்தால் அனுப்புங்கள் அக்கா. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமியும் இன்னொரு அதிகாரி தில்னாவும் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் இரண்டே பேராக 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகத்தைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். தூத்துக்குடி அதற்கு முன்னால் எம்மாத்திரம்? படகில் யார் யார் வருகிறார்கள், படகுக்காரர் எப்படிப்பட்டவர் என்று மட்டும் நேரில் பார்த்துப் பேசுங்கள். அந்த விசாரிப்பு மகனுக்கும் வேண்டும்.

ராத்திரில வலை மேல ஏறிட்டா இன்னா ஆவும்?

எனக்கு ஆகியிருக்கிறது. சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால், காற்று விழுந்துபோய் இஞ்சினில் போய்க்கொண்டிருந்தேன். விளக்கு வைத்த மிதவை ஒன்று தெரிந்தது, சுற்றிக்கொண்டேன். விளக்கு அணைந்துபோன அடுத்த மிதவை தெரியவில்லை. இஞ்சின் முனகி நின்றது. விசிறியில் நைலான் வலை பந்தாகச் சுற்றியிருந்தது. விடியும்வரை காத்திருந்து, இடுப்பில் கயிறு கட்டி இறங்கி ஒரு மணி நேரம் கத்தியால் அறுத்தேன். வலைக்காரர் பைபர் படகில் வந்து பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். திட்டவே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. வலைக்கான பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

அதிலிருந்து மூன்று பழக்கம். இரவில் முடிந்தவரை பாயில்தான் போவது. வலையைக் கண்டால் இஞ்சினை உடனே நியூட்ரலில் போடுவது. டார்ச் அடித்து எந்தப் பக்கம் போக என்று தமிழிலேயே கத்திக் கேட்பது. பைபர் படகுகளில் பெரும்பாலும் தாம் இருக்கும் இடத்தை மற்றவர் திரையில் காட்டும் ஏ.ஐ.எஸ் கருவி கிடையாது, திரையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் கடல் காலி என்று அர்த்தமில்லை. அறுந்த வலை ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சோறு. வேடிக்கைக்குக் கடலுக்கு வந்தவன் நான், வேலைக்கு வந்தவர் அவர். வழி விட வேண்டியது யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பாண்டிச்சேரில நிறுத்தி ஒரு நாள் சுத்தலாமா?

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தின் வாய் மணலால் அடைபடுவதும் தோண்டுவதுமாகவே இருக்கிறது. அன்றைய ஆழத்தை உள்ளூர் ஆட்களிடம் போனில் கேட்டு, பகலில், அலை தணிந்திருந்தால் மட்டும். இல்லையென்றால் வெளியே நங்கூரம் போட்டு ஆளுக்கு ஆள் மாறிக் காவல் இருக்க வேண்டும். ஏன் என்பது ஒதுங்குவது பற்றிய பதிலில் இருக்கிறது. ஆழமான வாய் வேண்டுமென்றால் காரைக்கால் துறைமுகம் வரை பொறுத்துப் போவது மேல். முன்அனுமதியோடுதான்.

கோடியக்கரை தாண்டிட்டா கடல் அமைதியாயிடும்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. கோடியக்கரையில் கரை மேற்கே மடங்கிப் பாக் நீரிணைக்குள் போகிறது. அந்தப் பக்கம் இலங்கை மறைப்பதால் பெருங்கடல் அலை வராது. ராமேசுவரத்துக்காரர்கள் வடக்கே உள்ளதைப் பெண்கடல் என்றும் தெற்கே மன்னார்ப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஆனால் வாடை வலுத்தால் அது நேராகப் பாக் விரிகுடாவுக்குள் அடிக்கும், அப்போது மன்னார்ப் பக்கம் குளமாக இருக்கும். ஆனி, ஆடியில் இதற்கு நேர்மாறு. ஒரு பக்கம் கொந்தளித்தால் இன்னொரு பக்கம் தூங்கும்.

இங்கே வேறு ஒரு சங்கடம், ஆழம் இல்லை. பத்து மீட்டர் இருந்தாலே பெருசு, நிறைய இடங்களில் அதில் கால்வாசிகூட இல்லை. குறைந்த ஆழத்தில் அலை உயரமாக இராது, ஆனால் நெருக்கமாக வரும். படகு சலங்கை கட்டின மாதிரி ஆடும். வங்கக் கடலில் கரையை விட்டுத் தள்ளிப் போய்த் தப்பிக்கலாம் என்றேனே, இங்கே தள்ளிப் போனால் எல்லைக்கோடு வந்துவிடும். இரவில் இங்கே பயணம் வேண்டாம். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைப்பக்கம் கடற்பசுவுக்கென்று 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகம் அறிவித்திருக்கிறார்கள், அங்கே கடற்புல் மேல் நங்கூரத்தை இழுக்காதீர்கள்.

பாம்பன் பாலத்துல பாய்மரம் இடிக்காதா?

இடிக்கக்கூடிய உயரமா என்று முன்பே அளந்துகொள்ள வேண்டும். 1914 முதல் இருந்த பழைய ரயில் பாலம் இரண்டு இறக்கைகளாகத் திறந்து வழிவிட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் போல 17 மீட்டர் மேலே ஏறும். பக்கத்தில் 1988-இல் வந்த சாலைப் பாலம் அசையாது, உங்கள் மரத்தின் உயரத்துக்கு அதுவே வரம்பு. தண்ணீரிலிருந்து சுமார் 22 மீட்டர் இடைவெளி. நாற்பதடிப் படகின் மரம் பதினெட்டு மீட்டர் சுற்றி வரும், மேலே ரேடியோ கம்பியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பாலத்தை நமக்காக உடனே தூக்க மாட்டார்கள். பாம்பன் துறைமுக அலுவலகத்தில் பேர் கொடுத்து, ரயில் இல்லாத நேரத்தில், மற்ற படகுகளோடு வரிசையாகத்தான் அனுப்புவார்கள். நீரோட்டம் இழுக்கும் இடம், உள்ளூர் வழிகாட்டி ஒருவரை ஏற்றிக்கொள்ளுங்கள். கீல் ஒன்றரை மீட்டருக்கு மேல் என்றால் அன்றைய ஆழம் கேட்காமல் கால்வாய்க்குள் நுழையாதீர்கள். இரண்டுக்கு மேல் என்றால் இந்த வழியை மறந்துவிடலாம்.

அந்தாண்ட இருக்கிற தீவுல எறங்கி டென்ட் போடலாமா?

முடியாது. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நாலு கூட்டம். குருசடை, மனோலி, முயல், அப்பா, நல்லதண்ணி, வான்தீவு என்று பேர் சொல்லும்போதே ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 1986-லிருந்து இது கடல்வாழ் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றி இறங்கினால் வழக்கு.

காரணமும் நியாயமானது. பல காலம் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். விளாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. வான்தீவு கரைந்து சுருங்கியதைத் தடுக்கச் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். 21 என்று இன்னும் எண்ணுகிறோம், கண்ணால் பார்த்தால் 19.

எறங்காம, தீவுக்குப் பின்னாடி நின்னா காத்து மறைவு கெடைக்கும்ல?

இதுதான் விஷயம் தெரிந்தவர் கேட்கும் கேள்வி. தீவுகள் கரையிலிருந்து சில கிலோமீட்டரில் வரிசையாகக் கிடக்கின்றன, வெளிக்கடலின் அலையைத் தாங்கிக் கரையைக் காப்பதும் அவைதான். அதனால் தீவுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் அமைதி. ஆனால் அந்த அமைதிக்குக் காரணமே சுற்றிலும் உள்ள பாறை. படகு நுழைய ஆசைப்படும் இடம் எல்லாம் பவளம், ஆழம் குறைவு. நங்கூரம் போட்டால் பாறை உடையும், அல்லது கீல் உடையும். தீவும் குட்டை, பனைமர உயரம்கூட இல்லை. அலையை மறைக்கும், காற்றை மறைக்காது.

நான் செய்வது இது. பாம்பனில் விடியும்போது கிளம்பி, தீவு வரிசைக்கு வெளியே, பூங்கா எல்லைக்கு அப்பால் ஆழத்தில் போய், மறுநாள் காலை வெளிச்சத்தில் தூத்துக்குடி வாயில் நுழைவது. தீவுகள் வலப்பக்கம் தூரத்தில் வெள்ளைக்கோடாகத் தெரியும். அவ்வளவு தூரம் போய்விட்டு இவ்வளவுதானா என்பவர்களுக்கு, ஆமாம், இவ்வளவுதான். மறைவில்லாத கரையில் தள்ளி நின்றால் பிழைக்கலாம், மறைவுள்ள கரையில் தொட்டால் தரைதட்டும்.

தெரியாம எல்லை தாண்டிட்டா?

1974, 1976 ஒப்பந்தங்களில் போட்ட கோடு ஜி.பி.எஸ். திரையில் தெரியும், தெரியாமல் தாண்டினேன் என்பது எடுபடாது. கச்சத்தீவுக்கு மேற்கேயே அது ஓடுகிறது. நான் கருவியில் கோட்டுக்கு மூன்று மைல் உள்ளேயே அலாரம் வைத்துவிடுவேன். இந்தியக் கடலோரக் காவல்படை நிறுத்திச் சோதிப்பது சாதாரணம். படகுப் பதிவு, ஆட்கள் பட்டியல், எல்லோருடைய அடையாள அட்டை ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பையில், எட்டும் இடத்தில் வையுங்கள்.

அப்ப பாம்பனே வாணாம், இலங்கையச் சுத்திப் போயிட்டா?

பெரிய கப்பல்கள் அப்படித்தான் போகின்றன, அவற்றுக்குப் பாம்பனில் ஆழம் போதாது. பாய்மரப் படகுக்கும் அது நல்ல கடல், ஆழமானது. திரிகோணமலை மாதிரி இயற்கைத் துறைமுகம் நம் பக்கம் கிடையாது. ஆனால் இலங்கைத் துறை எதிலாவது நின்றால் அது வெளிநாட்டுப் பயணம். கிளம்பும்போதும் திரும்பும்போதும் சுங்கம், குடியேற்றம், பாஸ்போர்ட் எல்லாம் உண்டு. முதல் பயணத்துக்கு வேண்டாம்.

ஆபத்துன்னா யாருக்குப் போன் பண்றது?

கடலோரக் காவல்படை 1554. கடலோரப் போலீஸ் 1093. ஆனால் பத்து மைல் தாண்டினால் போன் வேலை செய்யும் என்று எண்ணாதீர்கள். அபாய அழைப்புக்கான வி.எச்.எஃப் சேனல் 16 எப்போதும் திறந்திருக்கட்டும். செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அபாய மிதவை ஒன்று வாங்கி, படகின் பேரில் பதிவு செய்து வையுங்கள். பாய் பழசாக இருந்தாலும் பரவாயில்லை, இது புதுசாக இருக்க வேண்டும்.

சுனாமி வந்தா?

2004 டிசம்பர் 26 காலையில் ஆழத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த பலருக்கு ஒன்றும் தெரியவில்லை. கரைக்குத் திரும்பியபோதுதான் குப்பம் இல்லை. துறைமுகத்துக்குள் கட்டியிருந்த கப்பல்கள் கயிறு அறுந்து முட்டிக்கொண்டன. கடலில் இருக்கும்போது எச்சரிக்கை கேட்டால் கரைக்கு ஓடி வராமல் ஆழத்துக்குப் போங்கள்.

இஞ்சின் நின்னு, காத்தும் கரையப் பாத்து அடிச்சா இன்னாண்ணா பண்ணுவ?

முதலில் பாய். பெரிய பாயைச் சுருக்கிக் கட்டி, சின்னப் பாயும் சேர்த்து, காற்றுக்குக் கோணலாக வெளியே போகப் பார்க்க வேண்டும். கீல் உள்ள படகு காற்றை எதிர்த்துச் சாய்வாக ஏறும். பாய் ஏற நேரம் இல்லையென்றால் நங்கூரம். ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு சங்கிலியும் கயிறும் விட வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் இருபது மீட்டர் விட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று அழக்கூடாது. பிடித்ததும் சேனல் 16.

திருவொற்றியூருக்கு நேராக எனக்கு இது நடந்தது. டீசலில் தண்ணீர் கலந்து இஞ்சின் நின்றது, கொண்டல் காற்று கருங்கல் சுவரைப் பார்த்துத் தள்ளியது. கலவரத்தில் பாயை மறந்துவிட்டு இஞ்சினையே திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தேன். சுவரில் உட்கார்ந்திருந்தவர்களின் சட்டை நிறம் தெரிகிற தூரத்தில்தான் நங்கூரம் பிடித்தது. காசிமேட்டு பைபர் படகு ஒன்று கயிறு போட்டு வெளியே இழுத்துவிட்டது. பணம் வேண்டாம் என்றார்கள், கேனில் இருபது லிட்டர் டீசல் வாங்கிக்கொண்டார்கள். கயிற்றை அவிழ்க்கும்போது அதிலிருந்த வயதானவர் ஒருவர் என் பாய்மரத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "இம்மாம்பெரிய பாய வெச்சிகினு அந்த இஞ்சினப் போயி ஏம்பா நம்புன?"